மலைப்பிள்ளைகள் கையில் கேமரா

நீலகிரியில் எடுத்த பழைய புகைப்படங்களில் ஒரு காட்சி திரும்பத் திரும்பக் கண்ணில் படும். அரைவட்டமாக வளைந்த கூரை போட்ட தோடர் வீடு. தவழ்ந்து நுழையும் அளவுக்கே உள்ள சின்ன வாசல். அதன் முன்னால் நாலைந்து பேர். ஆண்கள் தடித்த போர்வையைத் தோளில் சுற்றி நிற்கிறார்கள். பெண்களின் கூந்தல் சுருள் சுருளாகத் தோளில் விழுகிறது. ஒருவர் முகத்திலும் சிரிப்பு இல்லை. அன்றைய கண்ணாடித் தகட்டில் உருவம் பதியப் பல விநாடிகள் ஆடாமல் அசையாமல் இருந்தாக வேண்டும் என்பது அதற்கு ஒரு காரணம். படத்தின் அடியில் ‘தோடர்கள், நீலகிரி’ என்ற அளவில் ஒரு குறிப்பு இருக்கும். எடுத்தவரின் பெயர் தெரியும், ஸ்டூடியோவின் பெயர் தெரியும். நிற்கிறவர்கள் யார் என்று தெரியாது.

1869 வாக்கில் சாமுவேல் போர்ன் ஊட்டியில் படம் எடுத்தார். நிக்கோலஸ் சகோதரர்களின் ஸ்டூடியோ எடுத்தது. 1875-ல் ஊட்டியிலேயே சொந்த ஸ்டூடியோ தொடங்கிய ஆல்பர்ட் பென் பல்லாண்டு காலம் எடுத்தார். மலைமக்களின் முகங்கள் அன்று நல்ல விற்பனைச் சரக்கு. நீலகிரியின் முதல் கமிஷனர் பிரீக்ஸ், மலைப் பழங்குடிகளையும் இங்குள்ள கல்திட்டைகளையும் பற்றி எழுதிய நூல், அவர் இறந்த பிறகு 1873-ல் புகைப்படங்களோடு வெளிவந்தது. ஊட்டியில் இருக்கும் பிரீக்ஸ் பள்ளி அவர் நினைவாக எழுந்ததுதான். அதே 1873-ல் மார்ஷல் என்ற ராணுவ அதிகாரி தோடர்களைப் பற்றி இன்னொரு புத்தகம் போட்டார். மண்டையின் வடிவத்தைப் பார்த்து மனிதரின் குணத்தைச் சொல்லிவிடலாம் என்ற போலி அறிவியலை நம்பியவர் அவர். அதற்கும் படங்கள் தேவைப்பட்டன. பின்னால் வந்த எட்கர் தர்ஸ்டன், சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர், அளவெடுக்கும் கருவிகளோடு மூக்கையும் நெற்றியையும் அளந்தார். 1909-ல் வந்த அவருடைய ஏழு தொகுதிகளை இன்றும் எடுத்துப் புரட்டுகிறோம். 1906-ல் தோடர்களைப் பற்றி எழுதிய ரிவர்ஸ் மட்டும், குடும்பம் குடும்பமாக வம்சாவளியைப் பெயரோடு எழுதிவைத்தார். அந்த ஒன்றுக்காகவே அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

ஒன்றரை நூற்றாண்டு ஓடிவிட்டது. நீலகிரியைப் போல இத்தனை கேமராக்கள் பார்த்த இன்னொரு மாவட்டம் தமிழ்நாட்டில் இருக்குமா என்பது சந்தேகம். ‘மூன்றாம் பிறை’யின் கடைசிக் காட்சி கேத்தி ரயில் நிலையத்தில் எடுத்தது. தமிழில் ‘உயிரே’ என்று வந்த ‘தில் சே’ படத்தின் ரயில் பாட்டு நம் மலை ரயிலின் கூரைமேல்தான் ஆடியது. சீசன் வந்தால் தொட்டபெட்டாவிலும் குன்னூர் சாலையோரத் தேயிலைத் தோட்டங்களிலும் கார் நிற்காத வளைவு கிடையாது. தோட்டத்தில் தேயிலை பறித்துக்கொண்டிருக்கும் அம்மாவைக் கேட்காமலே படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அந்தப் படம் எங்கோ ஒரு இன்ஸ்டாகிராம் பக்கத்தில் ‘ஊட்டி’ என்ற பெயரோடு ஏறும். தெப்பக்காடு யானை முகாமின் பொம்மன், பெள்ளி இருவரையும் உலகம் பெயர் சொல்லி அறிந்ததற்கு, 2023-ல் ஆஸ்கர் வென்ற ஓர் ஆவணப்படம் வேண்டியிருந்தது. அதுவும் விதிவிலக்கு. 2011 கணக்கெடுப்பின்படி இந்த மாவட்டத்தில் ஏழு லட்சத்து முப்பத்தைந்தாயிரம் பேர். அவர்களில் பெரும்பாலானோர் பிறர் எடுத்த படங்களின் பின்னணியில்தான் இருக்கிறார்கள்.

இதை மாற்ற ஓர் இடம் இருக்கிறது. அது அரசுப் பள்ளியின் ஓவிய வகுப்பு. ஒரு கருவியும் இருக்கிறது. அது வீட்டில் அப்பாவின் சட்டைப் பையில் இருக்கும் செல்பேசி.

ஊட்டியில் முளைத்த தென்னை

தமிழ்நாட்டில் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போய், “ஒரு இயற்கைக் காட்சி வரை” என்று சொன்னாலும் ஒரே படம்தான் வரும். முக்கோணமாக இரண்டு மலை, நடுவில் பாதிச் சூரியன், மலையிலிருந்து வளைந்து இறங்கும் ஆறு, ஒரு குடிசை, பக்கத்தில் தென்னை மரம். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தென்னை வளராது. ஆனாலும் ஊட்டிப் பிள்ளையின் ஓவிய நோட்டில் தென்னை நிற்கும். சன்னலுக்கு வெளியே தெரியும் மலையோ உருண்டு திரண்டு, மடிப்புகளில் சோலைக்காடு தேங்கி, மேலே புல்லாய்க் கிடக்கும். நோட்டில் மலை கூர்முனையோடு இருக்கும். பிள்ளைக்கு வரையத் தெரியாமல் இல்லை. தன்னைச் சுற்றி இருப்பது படமாக்கத் தகுதியானது என்று யாரும் சொல்லித் தரவில்லை.

இதே மலையில் அதற்கு நேர்மாறான மரபும் உண்டு. கோத்தகிரிப் பக்கம் வெள்ளரிக்கொம்பை ஆலு குறும்பர்கள், வேங்கை மரப் பிசினையும் இலைச்சாற்றையும் வண்ணமாக்கித் தேன் எடுக்கும் காட்சியை வரைவார்கள், சடங்கை வரைவார்கள். எழுத்துப்பாறை என்று சொல்லும் பாறையில் பழைய ஓவியங்கள் இருக்கின்றன. தோடப் பெண்கள் வெள்ளைத் துணியில் கறுப்பும் சிவப்புமாகப் போடும் பூவேலைக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. தங்கள் வாழ்க்கையைத் தாங்களே படமாக்கும் வழக்கம் இங்கே புதிதல்ல. பள்ளிக்கூட வாசலைத் தாண்டி அது உள்ளே வரவில்லை, அவ்வளவுதான்.

செல்பேசியும் வாசலைத் தாண்டி உள்ளே வருவதில்லை. மாணவர்கள் பள்ளிக்குச் செல்பேசி கொண்டுவரக் கூடாது என்பது நம் கல்வித் துறையின் நெடுநாள் விதி. அதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. ஆனால் 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியபோது, அதே துறைதான் பாடம் படிக்கச் செல்பேசியைத் தேடச் சொன்னது. எஸ்டேட் லைன் வீடுகளில் கடன் வாங்கிச் செல்பேசி வாங்கினார்கள். டவர் கிடைக்காமல் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் பிள்ளைகள் அலைந்தார்கள். பள்ளி திறந்த பிறகு விதி திரும்பி வந்தது. செல்பேசி வீட்டிலேயே தங்கிவிட்டது. இடையில் அந்தப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் படம் எடுக்கப் பழகிவிட்டார்கள். எப்படிப் பார்ப்பது, எதை வைப்பது, எதை விடுவது என்று யாரும் சொல்லித் தராமலே.

ரோஜாப் பூ டிபி

பதின்வயதுப் பெண்பிள்ளைகளின் வாட்ஸ்அப் முகப்புப் படத்தைப் பாருங்கள். ரோஜாப் பூ இருக்கும். யார் குழந்தை என்று தெரியாத ஒரு வெள்ளைக்காரக் குழந்தை இருக்கும். ஒரு நடிகர், ஒரு அம்மன், முதுகு காட்டி நிற்கும் ஒரு கார்ட்டூன் பெண். முகம் இருக்காது. பையன்களின் முகப்புப் படத்தில் முகம் இருக்கும். பெரும்பாலும் யாரோ ஒருவருடைய பைக்கும் இருக்கும்.

பெண்பிள்ளை முகத்தை மறைப்பதற்குப் பின்னால் இருக்கும் பயம் கற்பனை அல்ல. 2016-ல் சேலம் மாவட்டத்தில், மார்ஃபிங் செய்த படம் முகநூலில் வெளியானதால் ஓர் இளம்பெண் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அன்று அதற்குக் கொஞ்சமாவது கணினி அறிவு தேவைப்பட்டது. இன்று செயற்கை நுண்ணறிவுச் செயலி விநாடிகளில் செய்துவிடுகிறது. எனவே அம்மாக்கள் “போட்டோ போடாதே” என்று சொல்வதைப் பழமைவாதம் என்று தள்ளிவிட முடியாது.

ஆனால் தன் முகம் ஆபத்தானது என்ற ஒரே பாடத்தோடு ஒரு பெண் வளர்வதை ஏற்க முடியாது. முகத்தைக் காட்டாமலே ‘நான்’ என்று சொல்ல வழி இருக்கிறது, அதுவும் ரோஜாப் பூவைவிட நூறு மடங்கு உண்மையாக. அம்மாவின் விரல்களைப் படம் எடுக்கலாம். இரண்டு இலையும் ஒரு கொழுந்துமாகப் பல்லாண்டு பறித்த விரல்களில், ரேகைக்குள் இறங்கிய கறை சோப்புக்குப் போகாது. வாசலில் கழற்றிப் போட்ட ரப்பர் பூட்ஸ், சுவரில் தொங்கும் போன வருஷக் காலண்டர், அடுப்புப் புகை ஏறிய மூலை, மழைக்காலத்தில் காயாமல் தொங்கும் பள்ளிச் சீருடை. எதை எடுப்பது என்று தேர்ந்தெடுக்கும் அந்தக் கணத்தில் பிள்ளை தன்னைப் பற்றி ஒரு முடிவு எடுக்கிறது. கலை வகுப்பில் நடக்க வேண்டியது அதுதான். செல்ஃபியில் அந்த வேலை நடப்பதில்லை. கை நீளும் தூரத்தில், எல்லோரும் சாய்க்கும் அதே கோணத்தில், தலை சாய்த்து உதடு குவித்து எடுக்கும் முகம் யாருடைய முகமாகவும் இருக்கலாம்.

மூடுபனியில் ஒரு கறுத்த முகம்

நீலகிரிக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. அதைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம்.

காலை எட்டு மணி. பள்ளி மைதானத்தில் மூடுபனி இறங்கியிருக்கிறது. ஒரு பிள்ளை தோழியைப் பனிக்கு முன்னால் நிறுத்திச் செல்பேசியைத் தூக்குகிறது. திரையில் பனி அழகாகச் சாம்பல் நிறத்தில் தெரிகிறது. தோழியின் முகம் கரிக்கட்டையாக இருக்கிறது. செல்பேசியின் குற்றம் இதில் பாதிதான். திரை முழுக்க வெள்ளை நிறைந்திருப்பதைக் கேமரா பார்க்கிறது. ‘வெளிச்சம் அதிகம்’ என்று கணக்குப் போட்டு மொத்தப் படத்தையும் இருட்டாக்குகிறது. முகம் ஏற்கெனவே கறுப்பு என்றால் இன்னும் இருளில் முழுகிவிடும்.

இதற்கு வைத்தியம் ஒரு விரலில் இருக்கிறது. திரையில் தோழியின் முகத்தைத் தொட வேண்டும். சின்னச் சதுரமோ வட்டமோ தோன்றும். பக்கத்தில் ஒரு சூரியன் குறி வரும். இப்போது கேமரா முகத்துக்காகக் கணக்குப் போடுகிறது. கண் தெரிகிறது, மூக்குத்தி தெரிகிறது, கன்னத்தின் நிறம் அதன் சொந்த நிறமாக வருகிறது. பின்னால் பனி வெளுத்துவிடும், விடுங்கள். சூரியன் குறியை மேலும் கீழும் இழுத்து எது தன் தோழி, எது தன் தோழி இல்லை என்று அந்தப் பிள்ளையே நிதானிக்க வேண்டும். பத்து நிமிஷத்தில் கற்றுத்தரக்கூடிய பாடம் இது. ஆனால் அதற்குள் ஒரு பெரிய விஷயம் இருக்கிறது. ஒளியைக் கருவி முடிவு செய்யலாம், அல்லது நாம் முடிவு செய்யலாம். யாருக்காக வெளிச்சத்தைக் கணக்கிடுகிறோம் என்பது அதைப் பொறுத்தது.

கருவி நடுநிலையானது என்று நினைக்க வேண்டாம். கோடாக் நிறுவனம் 1950-களிலிருந்து வண்ணப் படங்களைச் சரிபார்க்க ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தை அளவுகோலாக அச்சுக்கூடங்களுக்கு அனுப்பியது. ‘ஷெர்லி கார்டு’ என்று பெயர். அந்த முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி. கறுப்பு முகங்கள் சரியாக வரவில்லை என்ற குறை பல்லாண்டு யார் காதிலும் ஏறவில்லை. சாக்லேட் விற்கிறவர்களும் மரச்சாமான் செய்கிறவர்களும் பழுப்பு நிறம் சரியாக வரவில்லை என்று புகார் சொன்னது பிலிம் திருந்த ஒரு காரணமாக இருந்தது என்று அந்தக் காலத்து கோடாக் ஊழியர்கள் சொல்லியிருக்கிறார்கள். கூகுள் தன் பிக்சல் செல்பேசியில் கறுத்த தோலுக்கென்று தனிக் கவனம் செலுத்தியதை ஒரு சிறப்பம்சமாக அறிவித்தது 2021-ல்தான். நம் கையில் இருக்கும் மலிவான செல்பேசிகள் பலவற்றில் ‘பியூட்டி’ என்ற வசதி கேட்காமலே வேலை செய்து முகத்தை வெளுக்கிறது, மூக்கைச் சன்னமாக்குகிறது. பணியர் வீட்டுப் பெண்ணோ எஸ்டேட் தொழிலாளியின் மகளோ அந்தத் திரையில் தன்னைப் பார்க்கும்போது, இப்படி இருந்தால் நன்றாக இருக்கும் என்ற செய்திதான் ஒவ்வொரு முறையும் வந்து சேர்கிறது. அந்த வசதியை அணைப்பது எப்படி என்பதை வகுப்பின் முதல் பாடமாக வைக்க வேண்டும் என்பேன்.

பிலிமைப் பற்றிப் பேசும்போது ஊட்டியை விட்டுவிட முடியாது. இந்தியா தன் சொந்தப் புகைப்படச் சுருளைச் செய்தது இந்த ஊரில்தான். 1960-ல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், 1967 முதல் உற்பத்தியில் இறங்கியது. தூசியற்ற காற்றும் குளிரும் அந்தத் தொழிலுக்கு ஏற்றவை என்பதால்தான் மலைக்கு வந்தது. ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளைச் சுருளும் எக்ஸ்ரே பிலிமும் இங்கிருந்து நாடெங்கும் போயின. ‘எச்.பி.எஃப்.’ என்று சொன்னால் நீலகிரியில் தெரியாதவர் கிடையாது. அந்த வட்டாரமே இந்து நகர் ஆனது. ஆயிரக்கணக்கானோர் இருட்டறையில் வேலை பார்த்துக் குடும்பம் வளர்த்தார்கள். டிஜிட்டல் வருவதற்கு முன்பே ஆலை நலிந்துவிட்டது. 2014-ல் விருப்ப ஓய்வுத் திட்டத்துக்கு மத்திய அரசு ஒப்புதல் கொடுத்து மூடுவிழாவுக்கு வழி செய்தது. ஓய்வுபெற்ற அந்தத் தொழிலாளர்கள் பலர் இன்றும் ஊட்டியில் இருக்கிறார்கள். வெள்ளி உப்பு ஒளியை எப்படிப் பிடித்தது என்பதைக் கையால் செய்து தெரிந்தவர்கள். ஒரே ஒருவரையாவது ஓவிய வகுப்புக்கு அழைத்து உட்கார வைத்துப் பேசச் சொன்னால், எந்தப் பாடநூலும் தராத புகைப்பட வரலாறு பிள்ளைகளுக்குக் கிடைக்கும்.

கென்டக்கி முதல் வாடிப்பட்டி வரை

இப்படி ஒரு வகுப்பு நடக்குமா என்று கேட்பவர்களுக்கு முன்னுதாரணங்கள் இருக்கின்றன. நமக்கு மிகப் பொருத்தமானது அமெரிக்காவின் கென்டக்கி மலைப்பகுதி. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் ஊர். 1960-களில் அமெரிக்க அரசு வறுமையை ஒழிக்கப் போவதாக அறிவித்தபோது, பத்திரிகைக்காரர்கள் அங்கே படையெடுத்து அழுக்கு முகங்களையும் ஓட்டை வீடுகளையும் எடுத்துப் போட்டார்கள். 1970-களின் நடுவில் வெண்டி ஈவால்ட் என்ற இளம்பெண் அதே மலையின் பள்ளிகளுக்குப் போய்ப் பிள்ளைகள் கையில் சாதாரணக் கேமரா கொடுத்தார். உங்களை எடுங்கள், உங்கள் குடும்பத்தை எடுங்கள், உங்கள் கனவை எடுங்கள் என்றார். 1985-ல் அது புத்தகமாக வந்தது. வறுமை அந்தப் படங்களிலும் இருந்தது. கூடவே குறும்பு இருந்தது, பயம் இருந்தது, மாட்டின் மேல் பாசம் இருந்தது. வெளியாள் எடுத்த படத்தில் இவை எதுவும் இல்லை. அவர் பிறகு குஜராத்தின் ஒரு கிராமத்துக்கும் வந்து பிள்ளைகளோடு வேலை செய்தார்.

1990-களின் தொடக்கத்தில் சீனாவின் யுன்னான் மலைக் கிராமங்களில் கரோலின் வாங், மேரி ஆன் பர்ரிஸ் இருவரும் உழவர் பெண்களுக்குக் கேமரா கொடுத்தார்கள். அவர்கள் எடுத்த படங்களை வைத்து அதிகாரிகளோடு பேச வைத்தார்கள். ‘போட்டோவாய்ஸ்’ என்று இன்று உலகெங்கும் நடக்கும் முறை அங்கே பிறந்தது. படத்தைப் பார்த்ததும் கேட்கும் கேள்விகள்தான் அதன் உயிர்: என்ன தெரிகிறது, உண்மையில் என்ன நடக்கிறது, இது நம் வாழ்க்கைக்கு எப்படிச் சம்பந்தம், ஏன் இப்படி இருக்கிறது, என்ன செய்யலாம். எட்டாம் வகுப்புப் பிள்ளையால் பதில் சொல்ல முடியாத கேள்வி இதில் ஒன்றும் இல்லை.

நம் ஊரிலேயே மதுரை மாவட்டம் ஜவகர்லால்புரத்தில் பிறந்த பழனிக்குமார் இருக்கிறார். மீன் விற்ற அம்மாவின் மகன். கடன் வாங்கிக் கேமரா வாங்கியவர். ‘கக்கூஸ்’ ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர். துப்புரவுப் பணியாளர்களின் மரணங்களையும் அவர்களுடைய குடும்பங்களையும் தொடர்ந்து பதிவு செய்துவருகிறார். தயானிதா சிங்-பாரி ஆவணப் புகைப்பட விருது முதன்முதலில் 2022-ல் அவருக்குத்தான் கிடைத்தது. விருதைவிடப் பெரிய வேலை என்று நான் கருதுவது இன்னொன்று: துப்புரவுப் பணியாளர்கள், மீனவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் வடசென்னைப் பிள்ளைகளுக்கும் அவர் படம் எடுக்கக் கற்றுத்தருகிறார். தங்கள் தெருவை அந்தப் பிள்ளைகளே எடுத்தபோது, செய்திகளில் குற்றமும் குப்பையுமாகவே வந்த வடசென்னையில் பாட்டியும் பந்தாட்டமும் மொட்டைமாடியும் தெரிந்தன.

வாடிப்பட்டியைச் சேர்ந்த ஜெய்சிங் நாகேஸ்வரனும் இந்த வரிசையில் வருகிறார். சொந்தமாகவே புகைப்படம் கற்றவர். ஊரடங்கில் வீட்டிலேயே இருக்க நேர்ந்தபோது, தன் தலித் குடும்பத்தையே படம் எடுக்கத் தொடங்கினார். ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்காகப் பள்ளிக்கூடம் தொடங்கிய அவருடைய பாட்டி பொன்னுத்தாயின் கதையும் அந்த வரிசைக்குள் வந்தது. உலகம் சுற்றிய ஒரு கேமரா, கடைசியில் தன் வீட்டுக் கூடத்தில் சொல்ல வேண்டிய கதையைக் கண்டுபிடித்தது. பதினான்கு வயதில் அந்தக் கூடத்திலிருந்தே தொடங்கலாம் என்பதுதான் நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது.

கடவுச்சீட்டில் ஒட்டிய முகம்

நீலகிரியில் இந்த வேலைக்கு ஒரு அவசரமும் இருக்கிறது. 1964-ல் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானபோது, இலங்கைத் தோட்டங்களில் தலைமுறைகளாக வாழ்ந்த மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று முடிவானது. அவர்களிடம் கேட்டுச் செய்த முடிவல்ல. தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கினார்கள். அவர்களில் பலர் மலைக்கு வந்து கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் குடியேறினார்கள். அவர்களுக்கு வேலை கொடுப்பதற்கென்றே உருவான அரசுத் தேயிலைத் தோட்டங்கள்தான் பின்னால் டான்டீ ஆயின. இன்றும் ஊரில் ‘சிலோன்காரங்க’ என்றுதான் அவர்களைச் சொல்கிறார்கள், மூன்றாம் தலைமுறையையும் சேர்த்து.

அந்தக் குடும்பங்கள் பலவற்றில் தாத்தா பாட்டியின் படம் என்று இருப்பது அரசாங்கத் தாளில் ஒட்டுவதற்காக எடுத்ததுதான். நேராகப் பார்க்கும் முகம், மேலே முத்திரையின் ஒரு விளிம்பு. இன்னொரு நாட்டுக்கு அனுப்புவதற்காக எடுத்த முகம் அது. தேநீர் குடித்துக்கொண்டோ பேரனைத் தூக்கிக்கொண்டோ இருக்கும் படம் இருக்காது. அந்த வீட்டுப் பேத்தி பாட்டியை எடுக்கட்டும். பாட்டி உயிரோடு இருக்கும்போதே எடுக்கட்டும்.

அவசரத்துக்கு இன்னொரு காரணம், அந்த லைன் வீடுகள் நிரந்தரம் இல்லை. டான்டீயின் 2,152 ஹெக்டேர் நிலத்தை வனத்துறையிடம் திருப்பி ஒப்படைக்க 2022-ல் அரசு முடிவு செய்தது. ஓய்வுபெற்றவர்கள் பல்லாண்டு வாழ்ந்த வீட்டைக் காலி செய்ய வேண்டிய நிலை. எங்கே போவது என்ற கவலை அவர்களை அரித்தது. ஒரு டிவிஷனே காலியான பிறகு அங்கே யார் வாழ்ந்தார்கள் என்பதற்கு நிர்வாகத்தின் சம்பளப் பதிவேடு இருக்கும். கோயில் திருவிழாவுக்கு வெள்ளையடித்த சுவரும், தண்ணீர்க் குழாயடியில் நின்ற வரிசையும் அதில் இருக்காது. பிள்ளைகள் எடுத்தால்தான் உண்டு.

மந்தில் வாழும் தோடப் பிள்ளைக்கும் ஹட்டியில் வாழும் படுகப் பிள்ளைக்கும் கூடலூர்ப் பணியர் குடியிருப்பின் பிள்ளைக்கும், எதைப் படமாக்கி வைப்பது என்ற கேள்வி வேறு வேறு வடிவில் வரும். மத்திய அரசு மிகவும் நலிந்த பழங்குடிகள் என்று தமிழ்நாட்டில் பட்டியலிட்ட ஆறு சமூகத்தாரும் நீலகிரியில் வாழ்கிறார்கள்: தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர். எல்லோரையும் ஒரே வகுப்பறையில் உட்கார வைத்து ‘மலைவாழ் மக்கள்’ என்று ஒரே சொல்லில் கூப்பிடுவது நம் பழக்கம். கேமரா கொடுத்துப் பாருங்கள். ஒருவர் படம்போல் இன்னொருவர் படம் இருக்காது.

வகுப்பு எப்படி நடக்கும்

ஆளுக்கொரு செல்பேசி தேவையில்லை. ஐந்து பிள்ளைக்கு ஒன்று போதும். அதுவும் ஆசிரியர் பொறுப்பில், சிம் கார்டு இல்லாமல், இணையம் இல்லாமல் இருப்பதே நல்லது. சிம் இல்லாத பழைய செல்பேசியும் நல்ல கேமராதான். ஒரு பிள்ளை ஒரு வாரத்தில் பத்துப் படம்தான் எடுக்கலாம் என்று எல்லை வைத்தால், அழுத்துவதற்கு முன் யோசனை வரும். பத்தில் மூன்றைத் தேர்ந்தெடுத்து, ஏன் மற்ற ஏழு வேண்டாம் என்று வகுப்பில் சொல்ல வேண்டும். எடுப்பதைவிட இந்தத் தள்ளுபடியில்தான் அதிகம் கற்க முடியும். அடிக்குறிப்பை வீட்டில் பேசும் மொழியில் எழுதட்டும். படுக மொழியானாலும் இருளர் மொழியானாலும் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்ளலாம். ஈவால்ட் செய்ததுபோல அச்செடுத்த படத்தின் மேலேயே எழுதவும் வரையவும் விடலாம். அப்போது ஓவிய வகுப்பும் புகைப்பட வகுப்பும் ஒன்றாகிவிடும்.

அச்செடுப்பது முக்கியம். திரையில் இருப்பது அடுத்த படம் வந்ததும் மறைந்துபோகும். சுவரில் ஒட்டினால் ஊர் வந்து பார்க்கும்.

ஒப்புதல் கேட்பதும் பாடத்தின் ஒரு பகுதி. அம்மாவானாலும் “எடுக்கட்டுமா?” என்று கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும். அவர் வேண்டாம் என்றால் அதோடு விட வேண்டும். தன்னைக் கேட்காமல் எடுத்த சுற்றுலாக்காரர்மேல் வரும் கோபத்தைப் பிள்ளை தன் கேமராவிடமும் காட்டக் கற்க வேண்டும். 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களின் விவரங்களைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் தேவை என்கிறது. எனவே படங்களை இணையத்தில் போடும் பேச்சே வேண்டாம். பள்ளியின் சுவர் போதும். கல்கத்தா சோனாகாச்சிப் பிள்ளைகளுக்குக் கேமரா கொடுத்த கதையைச் சொல்லி 2005-ல் ஆஸ்கர் வென்ற ‘பார்ன் இன்ட்டு பிராத்தல்ஸ்’ ஆவணப்படத்தின்மேல் ஒரு கடுமையான விமர்சனம் எழுந்தது: பிள்ளைகளைவிட அவர்களைக் காப்பாற்ற வந்தவரே கதாநாயகி ஆகிவிட்டார் என்று. நாம் எதைத் தொடங்கினாலும் அதை நினைவில் வைக்க வேண்டும்.

இவ்வளவையும் செய்ய ஓர் ஆள் வேண்டும். அங்கேதான் நம் ஏற்பாடு ஓட்டையாக இருக்கிறது. 2012-ல் தமிழக அரசு ஓவியம், உடற்கல்வி, தையல், இசை போன்ற பாடங்களுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தது. வாரத்தில் மூன்று அரைநாள் வேலை. மாதம் 5,000 ரூபாய் சம்பளம். ஊதியம் அவ்வப்போது கொஞ்சம் ஏறியது. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடிவருகிறார்கள். மலைப் பள்ளியில் வேலை பார்க்கும் ஓவிய ஆசிரியருக்குப் பேருந்துச் செலவே ஒரு பெரிய கணக்கு. அப்படிப்பட்டவரிடம் போய், புதிதாகச் செல்பேசி வகுப்பு நடத்துங்கள், ஒப்புதல் வாங்குங்கள், படம் அச்செடுங்கள் என்று சொல்வது அநியாயம். கலையை அரைநாள் வேலையாக வைத்திருக்கும்வரை, பிள்ளைகள் தென்னை மரத்தைத்தான் வரைந்துகொண்டிருப்பார்கள்.

அரசு செய்ய வேண்டியவை மூன்று. பகுதிநேரக் கலை ஆசிரியர்களை முழுநேரப் பணியில் அமர்த்த வேண்டும். செல்பேசித் தடையை நீக்காமலே, ஆசிரியர் பொறுப்பில் நடக்கும் கலை வகுப்புக்கு மட்டும் விலக்கு தர வேண்டும். படம் அச்செடுக்க ஒரு சிறு தொகையைப் பள்ளி மானியத்தில் சேர்க்க வேண்டும். நீலகிரிப் பெற்றோரே, இவற்றை நீங்கள் கேட்பதற்கு ஓர் இடம் இருக்கிறது. உங்கள் பள்ளியின் மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோருக்குத்தான் பெரும்பான்மை. அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். ஓவிய வகுப்பு வாரத்தில் எத்தனை மணி நேரம் நடக்கிறது என்று முதலில் கேளுங்கள். பிறகு இந்த மூன்றையும் தீர்மானமாக எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.